கசகசாத் தோட்டாக்கள்

கோஷாக்டன், ஒஹாயோ
செப்டம்பர் 12, 1994

லோவெல்,

உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் அடுப்பில் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால் அதுவே பெரிய விஷயம். யாரும் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் என்னத்தைப் படிக்கிறாய் என்றே உனக்குத் தெரியாது.

எனக்கு ஒரு யோசனை வேண்டும். ரிவால்வர் தோட்டாவுக்கு வெடிமருந்து அளந்து போடுகிற கருவி ஒன்று வாங்க வேண்டும். எது நல்லது?

கடைக்குப் போனேன். தாடிக்காரப் பையன் ஒருவன் மேஜைமேல் வரிசையாக எடுத்து வைத்தான். கரண்டி, உருளை, கைப்பிடி, மின்சாரத்தில் ஓடுவது என்று என்னென்னவோ. "வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள் பரிசாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். "அவர் எந்த மருந்து போடறார், எந்த அளவுத் தோட்டா?" என்று அடுத்த கேள்வி. முப்பத்தெட்டு என்றேன். அதற்குமேல் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த ஊரில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் எல்லாம் உன் அண்ணனோடு பேசுவதை விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்பது உனக்குத் தெரியும்.

போன் பண்ணியிருக்கலாமே என்பாய். போன் சமையலறையில் இருக்கிறது, அவருடைய வேலை மேஜை அடுத்த அறையில் இருக்கிறது. நான் உனக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது. பதிலை என் பெயருக்கே போடு.

வெரோனா


மைல்ஸ் சிட்டி, மொன்டானா
செப்டம்பர் 23, 1994

அண்ணிக்கு,

கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் மிச்சமிருக்கும் விரல்கள் கோப்பையைப் பிடிக்கும், பேனாவைப் பிடிக்க மாட்டேன் என்கின்றன.

கேட்டதற்குப் பதில். கரண்டி மலிவு, மெதுவாகப் போகிறவனுக்குப் பழுதில்லை. அள்ளுகிற விதம் மாறினால் அளவு மாறும், அது ஒன்றுதான் குறை. உருளை வைத்த கருவியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பள்ளத்தின் அளவு மாறாது. மற்றதில் திருகைத் திருப்பி வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். கைப்பிடியை மேலே தூக்கினால் பள்ளம் நிரம்பும், கீழே இறக்கினால் தோட்டாவின் வெறும் கூட்டுக்குள் கொட்டும். ரிவால்வர் தோட்டாவுக்குப் போடும் மருந்து கொஞ்சம்தான் என்பதால் சின்ன உருளையாகப் பார்த்து வாங்க வேண்டும். பெரிய உருளையில் சின்ன அளவு சரியாக விழாது. மின்சாரக் கருவி சாவகாசமாக எடை பார்த்துப் போடும். நீளத் துப்பாக்கி சுடுகிறவர்கள் வாங்குவார்கள், நமக்கு எதற்கு? தோட்டா தானே நகர்ந்து நகர்ந்து போகிற பெரிய பொறியும் வந்திருக்கிறது. அதில் மருந்து கூடக்குறைய விழுந்தால் மணி அடிக்குமாம். நான் அந்த மணியை நம்பவில்லை.

எதை வாங்கினாலும் அது அளக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே போட்டாயிற்றா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. ஐம்பது கூட்டையும் பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து, ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார்க்கிற வேலை மனிதனுடையது. முப்பத்தெட்டின் கூடு ஆழம். இரண்டு தடவை போட்டாலும் வழியாது, சுட்டு ரிவால்வர் வெடிக்கிற வரைக்கும் சாதுவாக உட்கார்ந்திருக்கும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அண்ணனிடம் பச்சை பெயின்ட் அடித்த இரும்புக் கருவி ஒன்று இருந்ததே, அது எங்கே? அது கெட்டுப்போகிற சாமான் இல்லை.

லோவெல்


கோஷாக்டன்
அக்டோபர் 2, 1994

லோவெல்,

அதை நான்தான் குப்பை லாரியில் போட்டேன்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு அழுதேன். மணி அடிக்கிறதையே நம்ப மாட்டாயாமே. நான் அந்த மணியைத்தான் வாங்கலாம் என்று நினைத்திருந்தேன்.

உன் அண்ணனுக்கு நினைவு போய்க்கொண்டிருக்கிறது. காரை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் ஒரு நாள் நடந்தே வீட்டுக்கு வந்தார். சர்ச்சில் பாதிரியாருடைய பெயரை என்னிடம் காதோடு கேட்டார். இதெல்லாம் வயதான எல்லோருக்கும் வருவதுதான் என்று நானும் விட்டுவிட்டேன். ஆகஸ்டில் ஒரு நாள் மேஜையில் பலகை நிறையக் கூடுகளை வைத்துவிட்டு முகம் கழுவப் போயிருந்தார். கல்யாணமான புதிதில் "என் ரெண்டு கண்ணு போதாது, உன் ரெண்டையும் குடு" என்று என்னையும் டார்ச் பிடித்துப் பார்க்கச் சொல்வாரே, அந்தப் பழக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். சிலதில் இரண்டு அளவு இருந்தது. சிலதில் ஒன்றுமே இல்லை. அவர் வந்து, சரி பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டுக் கூட்டின் வாயில் குண்டு அழுத்த உட்கார்ந்தார். பேசிக்கொண்டே வந்து, தெரியாமல் பட்டதுபோல் பலகையைத் தட்டிவிட்டேன். அறை முழுக்க மருந்து. வாழ்க்கையில் முதல் தடவையாக என்மேல் கை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கின கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ரிவால்வர்களைப் பக்கத்து வீட்டு ஹோமர் எடுத்துப்போய்ப் பூட்டி வைத்திருக்கிறான். கருவியை நான் தூக்கிப் போட்டேன். அது இல்லாவிட்டால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். நான் ஒரு முட்டாள். ஐந்து வாரமாகத் தேடுகிறார் லோவெல். கார் கொட்டகையில் தேடுகிறார், கட்டிலுக்கு அடியில் தேடுகிறார், குளிர்பெட்டியைத் திறந்து தேடுகிறார். நேற்று என் எதிரில் உட்கார்ந்து, "லோவெல் வந்து எடுத்துட்டுப் போயிட்டானா? நான் இதுல கை வெக்கக் கூடாதுன்னு சொன்னானே" என்று கேட்டார்.

அவர் என்ன சாப்பிட்டார் என்பது அவருக்கு மறந்துபோகிறது. நீ சொன்னது மறக்கவில்லை.

இரண்டு தடவை போட விடாத கருவி என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? அதை மட்டும் சொல்.

வெரோனா


மைல்ஸ் சிட்டி
அக்டோபர் 10, 1994

அண்ணி,

இல்லை. அப்படி ஒன்று இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நாலைந்து தடவை எழுத உட்கார்ந்தேன். டாக்டர் என்ன சொல்கிறார்? இது எப்போதிலிருந்து இருக்கும் என்கிறார்? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது.

இப்போது நான் சொல்கிறபடி செய்யுங்கள். அண்ணனை அந்த மேஜையிலிருந்து எழுப்ப வேண்டாம். மருந்தை எழுப்பிவிடுங்கள். வீட்டில் இருக்கும் மருந்து டப்பாக்கள், மருந்தைப் பற்றவைக்கிற கேப் பெட்டிகள் எல்லாவற்றையும் ஹோமரிடம் கொடுத்துவிடுங்கள். சுட்டு முடித்த கூடுகளில் வெடித்துப்போன பழைய கேப் இருக்குமில்லையா, அதைத் தட்டி எடுக்காமல் அப்படியே அடியில் விட்டுவிடுங்கள். கருவியில் மருந்துக்குப் பதிலாக வேறு ஏதாவது நிரப்புங்கள். ரவை வேண்டாம், வெள்ளையாக இருக்கும், கண்டுபிடித்துவிடுவார். கறுப்பாக, பொடி உருண்டையாக, வழுக்கிக்கொண்டு விழுகிற சாமானாக இருக்க வேண்டும். சமையலறையைப் பற்றி எனக்கு என்ன தெரியும், நீங்களே யோசியுங்கள்.

கருவி எது என்று கேட்டீர்கள். கைப்பிடி வைத்த உருளையையே வாங்குங்கள். நீளமான கைப்பிடியாக, இரும்பாக, ஏற்றி இறக்கினால் டக் டக்கென்று சத்தம் வருகிறதாக. பொத்தானை அழுத்துகிற எதையும் வாங்காதீர்கள். பொத்தான் என்றால் எது எதற்கு என்று மூளை யோசிக்க வேண்டும். கைப்பிடியைக் கை பார்த்துக்கொள்ளும். பச்சை நிறம் கிடைக்காவிட்டால் பச்சை பெயின்ட் வாங்கி அடித்துவிடுங்கள்.

லோவெல்


கோஷாக்டன்
நவம்பர் 6, 1994

லோவெல்,

கசகசா.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் அம்மா வீட்டு வழக்கப்படி கசகசா அரைத்து உள்ளே வைத்து ரொட்டி சுருட்டுவேனே, நீகூட நாலு துண்டு தின்றுவிட்டு ஐந்தாவதைச் சட்டைப் பையில் போடுவாயே, அந்தக் கறுப்புக் கசகசா. கண்ணாடிக் குடுவையில் கொட்டிப் பார்த்தேன். அசல் மருந்துதான். ஹோமரே ஏமாந்துபோனான்.

நீ சொன்ன கருவியை வாங்கி, பச்சை பெயின்ட் அடித்துக் காயவைத்து மேஜையில் மாட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். டக், டக். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சத்தம் இல்லாமல் வீடு எப்படி இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். குடுவையைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "வெரோனா, கிறிஸ்துமஸ் வந்துடுச்சா?" என்று கேட்டார். புது மருந்து என்று சமாளித்தேன். விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "நல்ல மருந்து" என்றார். அவருக்குத் தெரியுமோ என்னவோ. எனக்காகச் சும்மா இருக்கிறாரோ என்றுகூடத் தோன்றுகிறது.

டாக்டர் ஐந்து வருடமாவது இருக்கும் என்கிறார். ஆரம்பத்தில் வெளியே தெரியாதாம், வேலையில் ஒரு நிமிடம் எங்கேயோ போய்விட்டு வருவார்களாம், அவ்வளவுதானாம். அவர் போட்ட தோட்டாவால் உன் ரிவால்வர் வெடித்தது எப்போது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இதோடு ஒரு பெட்டி வருகிறது. என் யோசனை இல்லை, அவருடையது. ஐம்பதையும் அடுக்கி, பெட்டியை மூடி, என் கையில் கொடுத்தார். "லோவெலுக்கு அனுப்பு. ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்க்கட்டும். பார்த்துட்டுச் சொல்லட்டும், என் கை தப்புமா தப்பாதான்னு." தபால் நிலையத்தில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். கசகசா என்று உண்மையையே சொன்னேன்.

அவருக்கு ஒரு வரி எழுது லோவெல். வேறு ஒன்றும் வேண்டாம். "எல்லாம் சரியா இருக்கு அண்ணா" என்று ஒரே வரி. மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டிவிடுகிறேன்.

வெரோனா


மைல்ஸ் சிட்டி
டிசம்பர் 1, 1994

அண்ணி,

பெட்டி வந்தது. ஐம்பதையும் பிரித்தேன். தோட்டாவைச் சுத்தியல் போன்ற ஒரு கருவியின் தலைக்குள் மாட்டித் தரையில் அடித்தால் குண்டு கழன்றுகொள்ளும். இடது கையால் அடிக்க நேரம் பிடித்தது.

முக்கால்வாசி சரியாக இருந்தது. அப்படி ஒரு சீரான அளவு எனக்கும் வராது. ஏழு கூட்டில் ஒன்றுமே இல்லை. மூன்று கூட்டில் இரட்டை அளவு.

அந்த மூன்றில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெறும் கசகசாதான், தெரியும். இருந்தாலும் முகத்துக்கு எட்டத்தில் கையை நீட்டிக்கொண்டுதான் கொட்டினேன்.

அந்த வரியை என்னால் எழுத முடியாது அண்ணி. மன்னியுங்கள். கொட்டிய கசகசாவைப் என் பட்டறை வாசலில் பனிமேல் போட்டேன், குருவிகள் வந்து பொறுக்கின. கூடுகளையும் குண்டுகளையும் திருப்பி அனுப்புகிறேன். அவர் மறுபடி போடட்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரித்துத் தருகிறேன். அது என்னால் முடியும்.

லோவெல்


கோஷாக்டன்
டிசம்பர் 14, 1994

லோவெல்,

கசகசாவால் எவனுடைய விரல் போகும், சொல்.

அவர் தினமும் தபால்காரனை வாசலில் மறிக்கிறார். "என் தம்பிகிட்டேருந்து ஏதாவது?" அவன் பாவம், தொப்பியைத் தொட்டுவிட்டுப் போகிறான். உன் பெட்டி வந்த அன்றைக்கு ஓடிப்போய் வாங்கினார். உள்ளே வெறும் கூடு. தலைகீழாகக் கவிழ்த்து, காகிதம் ஏதாவது விழுகிறதா என்று உதறிப் பார்த்தார். நீ அதைப் பார்த்திருக்க வேண்டும்.

உன் கை போனது எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில் உன் ரத்தச் சட்டையை அலசினவள் நான். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. ஆனால் கட்டுப் பிரித்த மறுவாரம் துப்பாக்கி கிளப்புக்கு வந்து, அத்தனை பேர் முன்னால், "இவன் கைபட்ட தோட்டாவை இனிமே யாரும் தொடாதீங்க" என்றாயே. பெற்ற அப்பனைவிட மேலாக உன்னை வளர்த்தவரை 'இவன்' என்றாயே. அவர் "என் கை தப்பாது" என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார். வீடு வரும்வரை அதையேதான் சொன்னார். நீ மொன்டானாவுக்குப் போய்விட்டாய். நான் அதைக் கேட்டுக்கொண்டு இங்கேயே இருந்தேன்.

நாள்பட நாள்பட இது மோசமாகும் என்கிறார்கள். அவருக்குப் புரிகிற வரைக்கும்தான் உன் வரிக்கு மதிப்பு. அப்புறம் நீ பொன்னெழுத்தில் எழுதினாலும் சுவர்தான் படிக்கும்.

வெரோனா


மைல்ஸ் சிட்டி
ஜனவரி 4, 1995

அண்ணி,

சொன்னது தப்பு. சொன்ன இடமும் தப்பு. அவர் உடம்புக்குள் நடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்தால் அதற்கு முடிவே இல்லை.

ஆனால் நீங்கள் கேட்பது வேறு. கசகசாவோ கரிமருந்தோ, தப்பாகப் போட்ட தோட்டாவைச் சரி என்று சொல்கிறவனோடு ஒரே வரிசையில் நின்று சுடக் கூடாது. இது நானும் அண்ணனும் சேர்ந்து வைத்துக்கொண்ட சட்டம். வருடக்கணக்கில் ஒருவர் போட்டதை மற்றவர் சோதித்தோம். முகதாட்சண்யத்துக்காக ஒரு தடவைகூட இரண்டு பேரும் பொய் சொன்னதில்லை. அவர் என்னிடம் கேட்பது ஆறுதல் இல்லை அண்ணி. சோதித்துச் சொல்லச் சொல்கிறார். நான் பொய் சொன்னால் அவரைக் குழந்தை ஆக்கிவிட்டேன் என்று அர்த்தம். எல்லோரும் அதைத்தானே செய்கிறீர்கள், நானுமா?

ஒரே ஒரு பெட்டி. ஐம்பதும் சரியாக வரட்டும். அன்றைக்கே எழுதுகிறேன்.

லோவெல்


கோஷாக்டன்
பிப்ரவரி 9, 1995

லோவெல்,

உன் சட்டம் உன்னோடு இருக்கட்டும். இதோ அடுத்த பெட்டி. முன்னைப்போல் உட்கார முடிவதில்லை, பாதியில் எழுந்து ஜன்னலண்டை போய்விடுகிறார். எதற்காகப் போனோம் என்று அங்கேயே நிற்கிறார். திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து கைப்பிடியில் கையை வைத்தால் தொடர்கிறார்.

"லோவெல் பார்த்துட்டானா?" என்று நேற்றும் கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றேன்.

வெரோனா


மைல்ஸ் சிட்டி
மார்ச் 2, 1995

அண்ணி,

பாதிக்குமேல் காலி. சிலவற்றில் கசகசா வழிய வழிய இருக்கிறது. மூன்று நாலு தடவை போட்டிருப்பார். இரண்டில் குண்டு தலைகீழாக அழுத்தியிருக்கிறது.

இதை எழுத எனக்கு மனசே வரவில்லை. ஆனால் நீங்கள் சொல்லாததையெல்லாம் இந்தப் பெட்டி சொல்கிறது. நவம்பர் பெட்டியில் இருந்த ஆள் இதில் இல்லை. பிரித்து முடிக்கும்வரை சுத்தியலை நிறுத்தாமல் அடித்தேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்துதான்.

கூடுகளை அனுப்பியிருக்கிறேன்.

லோவெல்


கோஷாக்டன்
ஏப்ரல் 20, 1995

லோவெல்,

பெட்டி ஒன்று அனுப்பியிருக்கிறேன். பிரித்துப் பார். சொன்ன சொல்லைக் காப்பாற்று.

வெரோனா


மைல்ஸ் சிட்டி
ஏப்ரல் 29, 1995

அண்ணி,

பிரித்தேன். கூட இருக்கும் சீட்டை அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். கண் தெரியாவிட்டால் படித்துக் காட்டுங்கள். மெதுவாகப் படியுங்கள்.

பட்டறை வாசலில் பனி உருகிய இடத்தில் சாம்பல் பச்சையில் ஏதோ முளைத்திருக்கிறது. கசகசாவாகத்தான் இருக்கும். பிடுங்கவில்லை.

லோவெல்

அண்ணா,
ஐம்பதையும் பிரிச்சுப் பார்த்தேன். ஒண்ணு விடாம எல்லாம் சரியா இருக்கு. அன்னிக்கு கிளப்புல நான் பேசினது தப்பு. உன் கை தப்பாது.
உன் தம்பி லோவெல்


கோஷாக்டன்
மே 8, 1995

லோவெல்,

உன் சீட்டு வந்தது. அவரைச் சுத்தமாகச் சவரம் செய்து, நீலச் சட்டை போட்டு, மேஜையில் உட்காரவைத்துப் படித்தேன். நீ சொன்னபடி மெதுவாகத்தான் படித்தேன். கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் சிரித்தார். "நல்ல பையனா இருக்கானே" என்றார். அப்புறம், "யாரு இந்த லோவெல்?" என்றார்.

உங்கள் தம்பி என்றேன். எனக்குத் தம்பி இருக்கிறானா என்று கேட்டார். இருக்கிறான் என்றேன். அவன் ஏன் இங்கே வருவதே இல்லை என்று கேட்டார். அதற்கு நான் என்ன சொல்வது லோவெல்? ஐந்து வருடமாக எனக்குத் தெரியாத பதிலை அவருக்கு எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பேன்? சீட்டைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. ஏப்ரல் பெட்டி அவர் போட்டது இல்லை. மார்ச்சுக்குப் பிறகு அவர் கைப்பிடியைத் தொடவில்லை. கையைப் பிடித்து வைத்தாலும் எடுத்துவிடுகிறார். நான் போட்டேன். உன்னிடமிருந்து அந்த வரியைப் பிடுங்குவதற்காக, திருட்டுத்தனமாக, ஐம்பதையும் நான் போட்டேன். இப்போது சட்டத்தைச் சொல்லி என்னைத் திட்டு.

ஆனால் ஒன்று. நான் ஏற்றி இறக்குகிற சத்தம் கேட்டு அவர் ஜன்னலிலிருந்து வந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். டார்ச்சை எடுத்தார். நான் சொல்லவே இல்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. முதல் கூட்டிலிருந்து ஒவ்வொன்றாக உள்ளே அடித்துப் பார்த்துக்கொண்டே போனார். நடுவில் நின்று விரலை வைத்து, "இது காலி" என்றார். பார்த்தேன். காலிதான் லோவெல். நான் விட்டுவிட்டிருந்தேன். அதை நிரப்பின பிறகுதான் அடுத்ததற்கு நகர்ந்தார். கடைசிக் கூட்டைப் பார்த்து முடித்ததும் டார்ச்சை அணைத்துவிட்டு, "சரி" என்றார்.

என் பெயரும் இப்போது சில நாள் வருவதில்லை. டார்ச்சை மட்டும் கொடுத்தால் போதும், உட்கார்ந்துவிடுகிறார்.

வெரோனா


மைல்ஸ் சிட்டி
மே 15, 1995

அண்ணி,

எனக்குத் தெரியும். முதல் நாலைந்தைப் பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது. அண்ணன் குண்டை மெத்தென்று உட்கார்த்துவார். நீங்கள் ஜாம் பாட்டில் மூடியைத் திருகுகிற மாதிரி அழுத்தியிருந்தீர்கள். அடித்து அடித்து என் தோள் வலி எடுத்துவிட்டது. அவர் போட்டது இல்லை என்று தெரிந்தேதான் அந்தச் சீட்டை எழுதினேன். வாழ்க்கையில் தோட்டா விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. நவம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டிய பொய். அப்போது சொல்லியிருந்தால் அதை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. சட்டம் பேசிக்கொண்டு ஆறு மாதத்தை நானே வீணாக்கினேன். அவரைக் குழந்தை ஆக்க மாட்டேன் என்று பெரிதாக எழுதினேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் உள்ளே பார்த்தார் என்பது எனக்குத் தெரியாது அண்ணி. அவர் பார்த்துச் சரி சொன்ன பெட்டி என்றால் நான் எழுதினது பொய்யே இல்லை. ஐம்பதும் சரியாகத்தான் இருந்தது. இதை உங்கள் கடிதத்தில் படித்தபோது வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

நான் ஏன் வருவதே இல்லை என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் புறப்படுகிறேன். நாளை மறுநாள் பஸ். கூடுகளை இந்தத் தடவை தபாலில் போடவில்லை, கையோடு கொண்டுவருகிறேன்.

நான் யார் என்று அவருக்குச் சொல்ல வேண்டாம். கருவியில் கசகசா நிரப்பி வையுங்கள். வலது கையில் இருக்கிற விரல்களே கைப்பிடியை ஏற்றி இறக்கப் போதும். நான் போடுகிறேன். டார்ச்சை அவரிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவையுங்கள். நான் போட்டதை அவர் எட்டிப் பார்த்துச் சொல்லட்டும்.

லோவெல்